காகங்களும் ஒரு பிடி அரிசியும்



கொடுங்கையூரில் பொழுது எப்படி விடிகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆலயமணி ஒலிக்கும் முன்பே குப்பை லாரிகளின் ஓசை கேட்டுவிடும். காற்று கிழக்கிலிருந்து வீசினால் ஒரு வாடை, தெற்கிலிருந்து திரும்பினால் வேறொரு வாடை. கிடங்கில் தீப்பிடித்த நாள்களில் திருப்பலிக்கு வரும் முதியோர் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு வருவார்கள். இந்தக் காற்றை மூச்சில் இழுத்துக்கொண்டுதான் ஒவ்வொரு காலையும் நாம் எழுந்து நின்று, கைகளை விரித்து, ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சொல்கிறோம். அந்த செபத்தின் நடுவில் அன்றாட உணவைக் கேட்கிறோம். நாளைக்கு வேண்டும் என்றோ மாதம் முழுவதற்கும் வேண்டும் என்றோ கேட்பதில்லை. இன்றைக்கு வேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம்.

நம் வடசென்னைக்கு இந்த மன்றாட்டு நன்றாகவே புரியும். மாதச் சம்பளத்தில் வாழ்வோரைவிட நாள் கூலியில் வாழ்வோரே நம்மிடையே அதிகம். துறைமுகத்தில் சரக்கு வந்தால்தான் சுமை தூக்குவோருக்கு வேலை. காசிமேட்டில் வலை நிறைந்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கரையில் நிற்கும்போது, அந்தக் குடும்பங்களின் கணக்கு எப்படித் தடுமாறுகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். இரா முழுவதும் பாடுபட்டு ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய பேதுருவின் முகத்தை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அந்த முகம் நம் தெருவிலேயே இருக்கிறது.

இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது, இறைவனின் அன்றாடப் பராமரிப்பைப் பற்றி நான் போதித்ததும், பிறகு கற்றுக்கொண்டதும். இரண்டும் ஒன்றல்ல என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன்.

இப்பங்கிற்கு நான் வந்த புதிது. ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமைத் திருப்பலி. மத்தேயு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தின் பகுதி வாசிக்கப்பட்டது. வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் காட்டி, கவலைப்படாதீர்கள் என்று ஆண்டவர் கற்பிக்கும் பகுதி. குருமடத்தில் படித்ததையும், பல பங்குகளில் சொல்லிப் பழகியதையும் சேர்த்து நான் நல்லதொரு மறையுரை ஆற்றியதாகவே நினைத்துக்கொண்டேன். விதைக்காத, அறுக்காத, களஞ்சியத்தில் சேர்க்காத பறவைகளுக்கே உணவளிக்கும் தந்தை நம்மைக் கைவிடுவாரா என்று கேட்டு முடித்தேன்.

திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய கணவர் சரக்குப் பெட்டக லாரியில் கிளீனராக இருந்தவர். 2012-இல் நடந்த ஒரு விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, அன்று முதல் படுக்கையில் கிடந்தார். ஒரே மகள் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாய் ஒரு காயலான் கடைக் கிடங்கில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் வேலை செய்து குடும்பத்தைக் காத்துவந்தார். பள்ளி திறந்த நேரமாதலால் நாள் தண்டலுக்குப் பணம் வாங்கியிருந்தார். தண்டல் என்றால் என்னவென்று அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. பத்தாயிரம் ரூபாய் என்று எழுதிக்கொள்வார்கள். வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு கையில் 8,500 ரூபாய் தருவார்கள். நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள்கள் கட்ட வேண்டும். கட்டிய ஒவ்வொரு நாளும் அட்டையில் ஒரு குறி விழும். கிடங்கு முதலாளியோ கூலியை அன்றன்று தருவதில்லை. நாலு நாள், ஐந்து நாள் சேர்த்துத்தான் தருவார். கூலி தாமதமாகலாம், தண்டல் தாமதமாகக் கூடாது.

இதையெல்லாம் அவர் முறையீடாகச் சொல்லவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்தேன். கேட்டபின், என் மறையுரையின் சூடு இன்னும் ஆறாத நிலையில், "கவலைப்படாதீங்கம்மா, கடவுள் பார்த்துக்கொள்வார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஃபாதர், இங்க இருக்குற பறவைங்க எதைத் தின்னுதுங்கன்னு பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பிறகு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனார்.

அன்று மாலை நான் எழில் நகர்ப் பக்கமாக நடந்துபோனேன். அழகான பெயர் கொண்ட அந்தப் பகுதியை ஒட்டித்தான் நூற்றுக்கணக்கான ஏக்கர் பரப்பில் இந்நகரின் குப்பை மலைகளாகக் குவிந்து கிடக்கிறது. அவற்றின் மேலே காகங்களும் பருந்துகளும் வட்டமிட்டன. சீறி இறங்கின. கிழிந்த பைகளுக்குள் அலகை நுழைத்துத் தின்றன. பத்து மணி நேரத்திற்கு முன் நான் பீடத்திலிருந்து வருணித்த பறவைகள் இவைதாம். எனக்கு மறுமொழி தெரியவில்லை.

அன்பார்ந்தவர்களே, உங்களில் யாருக்காவது இப்படியொரு கேள்வி நெஞ்சில் இருந்தால் அதைப் பாவம் என்று எண்ணாதீர்கள். விசுவாசமற்ற கேள்வி என்றும் எண்ணாதீர்கள். அந்தத் தாயின் கேள்விதான் என்னை மீண்டும் விவிலியத்தின் முன் உட்கார வைத்தது.

அதே போதனையைப் புனித லூக்காவும் தம் நற்செய்தியின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அங்கே பறவைகள் என்ற பொதுச்சொல் இல்லை. காகங்கள் என்றே இருக்கிறது. பலமுறை வாசித்திருந்தும் நான் கவனிக்காமல் கடந்துபோன சொல் அது. லேவியர் நூலின் பதினோராம் அதிகாரம் காகத்தைத் தீட்டான பறவைகளின் பட்டியலில் சேர்க்கிறது. செத்ததையும் கழித்ததையும் தின்னும் பறவை. பலிபீடத்திற்கு ஆகாதது, உணவுக்கும் ஆகாதது. யாரும் விரும்பாத அந்தப் பறவையையே ஆண்டவர் விரல் நீட்டிக் காட்டுகிறார். குப்பை மேட்டின் மேலே வட்டமிடும் காகத்தைக்கூட இறைவன் தம் கணக்கில் வைத்திருக்கிறார் என்கிறார்.

ஆனால் அவர் அங்கேயே நிறுத்தவில்லை. நீங்கள் அவற்றைவிட மிகமிக மேலானவர்கள் என்பதே அவர் வாக்கின் கருத்து. காகம் குப்பையில் தின்று வாழட்டும், அது அதற்கு அமைந்த வாழ்வு. மனிதரோ அவ்வாறு வாழப் படைக்கப்படவில்லை. எனவே, காகத்திற்குக் கிடைப்பதுபோல் உனக்கும் எங்கிருந்தாவது கிடைக்கும், பொறுத்திரு என்று ஏழையிடம் சொல்வது நற்செய்தி ஆகாது. நான் அன்று அறியாமல் சொன்னது ஏறக்குறைய அதுதான். குப்பை மலை இறைவனின் திட்டம் அல்ல. அது நம் நகரம் தின்றதன் மிச்சம். அதன் நிழலில் பிறந்த குழந்தைக்கு மூச்சிரைப்பு வந்தால், அதை இறைவன் அனுப்பிய சிலுவை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

காகங்களைத் தொடர்ந்து சென்றபோது அவை என்னை முதலாம் அரசர்கள் நூலின் பதினேழாம் அதிகாரத்திற்குக் கொண்டுபோயின. நாட்டில் கடும் வறட்சி. இறைவாக்கினர் எலியா கெரீத்து ஓடை அருகே ஒளிந்திருக்கிறார். காலையும் மாலையும் காகங்களே அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகின்றன. தீட்டான பறவையின் அலகிலிருந்து தூய இறைவாக்கினர் உணவு பெறுகிறார். நாம் பொதுவாக இந்த அற்புதத்தோடு கதையை நிறுத்திவிடுகிறோம். அடுத்த வரிகளையும் வாசியுங்கள். மழை இல்லாததால் அந்த ஓடையும் வற்றிப்போகிறது. இறைவன் காட்டிய இடம், இறைவன் அனுப்பிய உணவு, ஆயினும் ஓடை வற்றுகிறது! நேற்றுவரை வந்த உதவி இன்று நின்றுபோகும்போது இறைவனே நம்மை விட்டுப் போய்விட்டதாக நாம் கலங்குகிறோம். எலியாவின் ஓடையும் வற்றியது என்பதை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓடை வற்றியபின் இறைவன் எலியாவைச் செல்வரின் மாளிகைக்கு அனுப்பவில்லை. சீதோன் நாட்டுச் சாரிபாத்தில் வாழ்ந்த பிற இனத்துக் கைம்பெண் ஒருத்தியிடம் அனுப்புகிறார். அவளிடம் இருந்தது பானையில் ஒரு கையளவு மாவும், கலயத்தில் சிறிது எண்ணெயும். அதைச் சுட்டு, மகனோடு உண்டுவிட்டுச் சாகக் காத்திருந்தவள் அவள். அவளுடைய அந்த ஒரு கை மாவைக் கொண்டுதான் இறைவன் மூவரைக் காப்பாற்றினார். ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பானை ஒருநாளும் நிரம்பி வழிந்ததாக விவிலியம் சொல்லவில்லை. தீர்ந்துபோகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு காலையும் அவள் பானைக்குள் எட்டிப் பார்த்திருப்பாள். ஒவ்வொரு காலையும் அடியில் கொஞ்சம் மாவு இருந்திருக்கும். நாளைக்கும் இருக்கும் என்பதற்குக் கண்ணால் காணும் சான்று எதுவும் அவளுக்கு இல்லை. வறட்சியோ ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இந்த அற்புதத்திற்குப் பிறகும் அவள் மகன் நோயுற்று மூச்சடங்கினான். அவள் எலியாவிடம் நெஞ்சு வெடித்துக் கேள்வி கேட்டாள். இறைவாக்கினர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டுபோய், அவளுடைய கேள்வியைத் தாமே இறைவனிடம் கேட்டார். ஆண்டவர் அந்தக் குரலைக் கேட்டார், பிள்ளை பிழைத்தான்.

பாலைநிலத்தில் இஸ்ரயேலர் பெற்ற மன்னாவும் இத்தகையதே. விடுதலைப் பயண நூலின் பதினாறாம் அதிகாரத்தை வாசித்தால் தெரியும். அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்று பொறுக்க வேண்டும். மிகுதியாகப் பொறுக்கியவருக்கு மிஞ்சவில்லை, குறைவாகப் பொறுக்கியவருக்குக் குறையவில்லை. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் மட்டும் இரண்டு மடங்கு. மன்னா பாலைநிலத்தை நீக்கிவிடவில்லை. நாற்பது ஆண்டுகள் பாலைநிலம் பாலைநிலமாகவே இருந்தது. அந்த நாற்பது ஆண்டுகளும் மன்னா விழுந்தது. நீண்ட துன்பத்தில் இறைவனின் பராமரிப்பு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகிறது. துன்பம் முடிந்துவிட்டது என்ற செய்தி வருவதில்லை. இன்றைக்குரியது வருகிறது.

சில வாரங்களுக்குப் பின் அந்தத் தாய் மீண்டும் வந்தார். கையில் ஒரு துணிப்பை. அதில் ஏறக்குறைய ஒரு கிலோ அரிசி. "பிடியரிசி ஃபாதர்" என்று நீட்டினார்.

பிடியரிசியைப் பற்றி இளையோருக்குச் சொல்ல வேண்டும். உலையில் அரிசி போடும் முன், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியே ஒரு கலயத்தில் போடுவது நம் முன்னோரின் வழக்கம். மாதம் முடிந்ததும் அதை ஆலயத்திற்கோ ஏழைகளுக்கோ கொடுத்துவிடுவார்கள். நெல்லைச் சீமையில் என் பாட்டி சிலுவை அடையாளம் வரையாமல் அந்தப் பிடியை எடுத்ததில்லை. நகரத்திற்கு வந்தபின் அந்தக் கலயத்தை நானும் மறந்துபோயிருந்தேன்.

நானோ மறுபடியும் தவறு செய்தேன். "நீங்கள் தரவேண்டாம் அம்மா, உங்கள் வீட்டுக்கே வையுங்கள்" என்று பையைத் திருப்பிக் கொடுத்தேன். கருணையோடு பேசுவதாகவே எண்ணினேன். அவருடைய முகம் மாறியது.

"எனக்கு வாங்க மட்டும்தான் தெரியும்னு நினைச்சீங்களா ஃபாதர்?"

அன்று இரவு இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. என் இறையியலில் இறைவன் கொடுப்பவர், ஏழை பெறுபவர், குருவாகிய நான் நடுவில் நின்று இருவரையும் இணைப்பவர். அந்தத் தாய் அந்தச் சித்திரத்தைக் கலைத்துவிட்டார். சாரிபாத்துக் கைம்பெண்ணிடமிருந்து எலியா வாங்கி உண்டார். அவளுக்கு அவர் செய்த முதல் மரியாதை அதுதான். அவள் கையிலிருந்து நான் வாங்க மறுத்திருந்தேன். மறுநாள் அந்தத் தாயின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு அந்தப் பையைப் பெற்றுக்கொண்டேன். புனித அந்தோனியார் சுரூபத்தின் அருகில் ஒரு தகர டின்னை வைத்தோம். முதன்முதலில் அதில் விழுந்தது அந்த அரிசி.

மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில்தான் அவருடைய தண்டல் அட்டையைப் பார்த்தேன். அன்றாட உணவுக்கான மன்றாட்டை அடுத்து, நம் ஆண்டவர் மன்னிப்புக்கான மன்றாட்டை வைத்தார். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அங்கே நிற்கும் சொல்லுக்கு நேர்ப்பொருள் கடன்கள் என்பது. குற்றங்கள் என்று நாம் சரியாகவே மொழிபெயர்த்துச் செபிக்கிறோம். ஆனால் கலிலேயாவில் இந்தச் செபத்தை முதலில் கேட்ட நாள் கூலிகளுக்கு, உணவும் கடனும் அடுத்தடுத்து வந்ததில் வியப்பு இருந்திருக்காது. அட்டையில் குறி போடுபவர் வாசலில் நிற்கும் வீட்டில் அவை இரண்டும் ஒரே கவலையின் இரு முகங்கள்.

கூலியைப் பற்றியும் ஆண்டவரின் சட்டம் தெளிவானது. இணைச்சட்ட நூலின் இருபத்து நான்காம் அதிகாரம், ஏழைத் தொழிலாளியின் கூலியைப் பொழுது சாயும் முன் கொடுத்துவிடக் கட்டளையிடுகிறது. ஏனெனில் அவர் அதை நம்பியே உயிர் வாழ்கிறார். திராட்சைத் தோட்ட உவமையில், கடைசி மணி நேரத்தில் வந்தவருக்கும் முதலாளி முழு நாள் கூலியாகிய ஒரு தெனாரியத்தைக் கொடுக்கிறார். பலர் இதை அநீதி என்று நினைக்கிறார்கள். அரை நாள் வேலை செய்தவரின் பிள்ளைக்கு அரை வயிறா பசிக்கிறது? திருத்தந்தை 13-ஆம் லியோ 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலிலும், தொழிலாளி தன் வாழ்வை நடத்தப் போதுமான கூலி இயற்கை நீதி என்றே கற்பித்தார். அன்றாட உணவைக் கொடுப்பவர் இறைவன். அது வந்து சேரும் வழியில் நாம் ஒருவருடைய கூலியை நிறுத்தி வைத்தால், இறைவனின் கையைப் பிடித்து நிறுத்துகிறோம்.

நானும் பங்குப் பேரவை மூப்பர் இருவரும் அந்தக் கிடங்கு முதலாளியைப் போய்ப் பார்த்தோம். அவர் தீயவர் அல்லர். அவருக்கும் மேலிருந்து பணம் தாமதமாகத்தான் வந்தது. பேசினோம். மாலைதோறும் பாதிக் கூலியாவது தருவதாக ஏற்றுக்கொண்டார். அன்பியத்துத் தாய்மார் பத்துப் பேர் சேர்ந்து வாரச் சேமிப்பு தொடங்கினார்கள். அற்புதம் எதுவும் நிகழவில்லை. அவர் தண்டலிலிருந்து முழுமையாக வெளியே வர நான்கு ஆண்டுகள் ஆயின. நடுவில் 2020 வந்தது.

அந்த மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தபோது ஆலயக் கதவுகளும் மூடப்பட்டன. நாள் கூலி இல்லை, நாள் உணவு இல்லை. அடுத்த ஆண்டின் இரண்டாம் அலையில் கல்லறைத் தோட்டத்தில் இறைவேண்டல் செய்துவிட்டு வரும் நாள்களில் என் செபம் வறண்டு போனது. ஆண்டவர் கற்பித்த செபத்தைச் சொல்லத் தொடங்கி, "இன்று" என்ற சொல்லோடு நின்றுவிட்ட நாள்கள் உண்டு. அதற்கு மேல் எனக்கு வரவில்லை. குருவுக்கும் ஓடை வற்றும்.

அந்நாள்களில் எனக்குத் துணை நின்றவர் வியட்நாம் நாட்டுக் கர்தினால் வான் துவான். 1975 ஆகஸ்டு 15-இல் கைது செய்யப்பட்டு 13 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். அவற்றில் 9 ஆண்டுகள் தனிமைச் சிறை. வயிற்று நோய்க்கு மருந்து வேண்டும் என்று வெளியே எழுதினார். பொருளைப் புரிந்துகொண்ட இறைமக்கள், மருந்து என்று எழுதிய சிறு குப்பியில் திராட்சை இரசத்தை அனுப்பினார்கள். மூன்று துளி இரசமும் ஒரு துளி நீரும் உள்ளங்கையில் விட்டுத் திருப்பலி நிறைவேற்றினார். விடுதலை என்று வரும் என்று காத்திருந்து நாள்களை வீணாக்காமல், கையில் இருக்கும் இந்த நிமிடத்தை அன்பால் நிரப்புவது என்று தீர்மானித்தார். அவர் உள்ளங்கைதான் அவருடைய பானை. அது நிரம்பவில்லை, தீர்ந்துபோகவும் இல்லை.

அன்றாட உணவு என்று நாம் சொல்லும் இடத்தில் நற்செய்தியில் நிற்கும் கிரேக்கச் சொல் மிக அரிதானது. புனித எரோணிமுஸ் அதை லூக்காவில் அன்றாடம் என்றும், மத்தேயுவில் இயற்கைக்கு மேலான உணவு என்று பொருள்படவும் இலத்தீனில் பெயர்த்தார். திரு அவையின் மறைக்கல்வி நூல் இவ்விரு பொருளையும் ஏற்று, வயிற்றுக்கான அப்பத்தையும் நற்கருணையாகிய அப்பத்தையும் ஒரே மன்றாட்டில் இணைத்துப் பார்க்கிறது. ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறப்பவர் செபத்தைப் பாதியாக்குகிறார். நற்கருணை உட்கொண்டுவிட்டு அண்டை வீட்டு அடுப்பைப் பார்க்காதவரும் பாதிச் செபமே செய்கிறார்.

நம் மண்ணின் புனிதர் தேவசகாயத்தையும் நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரசில் பணிபுரிந்த நீலகண்டப் பிள்ளை, இழப்புகளால் மனம் நொந்திருந்த வேளையில், டச்சுத் தளபதி டி லனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்பது மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். அவர் பெற்ற பெயர் இலாசர் என்பதன் தமிழ் வடிவம். கடவுளே துணை என்பது அதன் பொருள். அந்தப் பெயரோடு அவர் பெற்றது வசதியான வாழ்வு அன்று. 1749-இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் வதைபட்டு, 1752 ஜனவரி 14-இல் காற்றாடி மலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15-இல் திரு அவை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. கடவுளே துணை என்ற பெயரைத் துன்பம் பொய்யாக்கவில்லை. துன்பத்தின் உள்ளேதான் அந்தப் பெயர் மெய்யானது.

2023 டிசம்பர் முதல் வாரத்தை நாம் மறக்க மாட்டோம். மிக்ஜாம் புயல் மழையில் நம் தெருக்களில் கழிவுநீரோடு கலந்து வெள்ளம் நின்றது. மின்சாரம் இல்லை, பால் இல்லை. எண்ணூரில் நம் மீனவச் சகோதரர்களின் படகுகளிலும் வலைகளிலும் கச்சா எண்ணெய் படிந்தது. மறைக்கல்விக் கூடத்தின் மாடியில் எண்பது பேருக்கு மேல் தங்கினோம். முதல் இரவு எந்த நிவாரணமும் எங்களை எட்டவில்லை. நான் இருட்டில் நின்று, எவரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்தேன். அந்தத் தாய்தான், "அந்தோனியார்கிட்ட அரிசி இருக்கே ஃபாதர்" என்றார். முந்தைய நாளே தண்ணீர் ஏறுவதைக் கண்டு, அந்த டின்னை அவரே தலையில் தூக்கி மாடியில் வைத்திருந்தார். ஏறக்குறைய நாற்பது கிலோ. நூறு வீடுகளின் பிடி அதில் இருந்தது. கஞ்சி காய்ச்சினோம். கிறிஸ்தவர், இந்துக்கள், இஸ்லாமியர் எல்லாரும் ஒரே பாத்திரத்திலிருந்து குடித்தோம். எனக்கு ஒரு குவளை ஊற்றிக் கொடுத்தவரும் அவரே. இம்முறை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு தவக்காலத்தில் அவருடைய கணவர் இறைவனில் துயில் கொண்டார். பன்னிரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்த உடலில் ஒரு புண் இல்லை என்று, இறுதியாகக் குளிப்பாட்டியவர்கள் என்னிடம் சொன்னார்கள். அடக்கத் திருப்பலிக்குச் சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. "நேத்து வரைக்கும் கை தானா மூணு பேருக்கு அளக்குது ஃபாதர். இன்னைக்குத்தான் ரெண்டு பேருக்கு அளந்தேன்" என்றார். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆனா பிடி அதே பிடிதான்" என்றார்.

அன்புக்குரியவர்களே, இவ்வாரம் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, துன்பத்தில் இருப்பவரிடம் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று சொல்லும் முன், இன்றிரவு வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டபின் சொன்னால் அந்தச் சொல் உண்மையாகும்.

இரண்டாவது, உங்களிடம் வேலை செய்பவர் யாராக இருந்தாலும், வீட்டு வேலை செய்யும் அம்மாவாயினும் கடைப் பையனாயினும், கூலியை நாள் தாழ்த்தாமல் கொடுங்கள்.

மூன்றாவது, உலையில் அரிசி இடும் முன் ஒரு பிடியைத் தனியே வையுங்கள். இல்லாதவர் என்று யாரையும் இதிலிருந்து விலக்காதீர்கள். நீங்கள் இல்லாதவராக இருந்தால், உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளாதீர்கள். உங்கள் பிடியும் யாரோ ஒருவருடைய இன்றைய மன்றாட்டுக்கு விடையாக இருக்கலாம்.

இப்போது கண்களை மூடி என்னோடு செபியுங்கள்.

தந்தையே, எங்கள் பானையின் அடியை நீர் அறிவீர். நாளையைக் குறித்த எங்கள் அச்சத்தையும் அறிவீர். ஓடை வற்றும்போது எங்களை விட்டு அகலாதேயும். நீர் எங்களுக்கென்று பிறர் கையில் வைத்திருப்பதை நாணமின்றிப் பெறவும், பிறர்க்கென்று எங்கள் கையில் வைத்திருப்பதைத் தாமதமின்றிக் கொடுக்கவும் அருள்வீராக. எங்கள் தெருவின் காற்றும் நீரும் எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றவையாகும் நாளுக்காகப் போராடும் மன உறுதியைத் தாரும். அந்த நாள் வரும்வரை, இன்றைக்குரியதை இன்று தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் இல்லங்களையும் அடுப்புகளையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் பங்குத்தந்தை